வெட்சி மாலையும் மோர் ஓடையும்

புரட்டாசி மாதத்தின் கடைசி நாட்கள். மேற்கே கூர்மலை முகடுகளுக்குப் பின்னே செங்கதிரோன் இன்னும் முழுவதும் மறைந்தபாடில்லை. அதற்குள் கிழக்கே மூங்கிற் காட்டின் தலைக்கு மேலே வளர்பிறை நிலவு அவசரக்காரியாக வந்து நின்றுவிட்டது. ஆனைமறி காட்டின் நடுவில், மூன்று பக்கமும் பாறைச் சுவர் சூழ்ந்த பசும்பள்ளம் ஒன்றில், எழுநூறு மாடுகள் மேய்ச்சல் முடிந்து பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. அத்தனை மாடுகள் திரும்பியும் ஒரு மணியோசை கேட்கவில்லை. ஒவ்வொரு மணியின் நாவிலும் மரநார் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

பள்ளத்தின் நடுவே மருத மரங்களின் வேரை நனைத்துக்கொண்டு ஓர் ஓடை ஓடியது. அதன் கரையோரமாக, இடுப்பில் வெற்றுப் பால்குடம் ஏந்தி, பார்ப்பவர்கள் பால் கறக்கப் போகிறாள் என்று எண்ணும்படி, ஆனால் பட்டி இருக்கும் திசைக்கு நேர் எதிர்த் திசையில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். அவள் பெயர் பூதிநங்கை. கூர்மலை நாட்டுத் தலைவர் வேள் அழிசியாரின் ஒரே மகள். பல்லக்கில் போக வேண்டிய பாதங்களில் நெருஞ்சி தைத்த தழும்பும், கணுக்காலில் அட்டை கடித்த வடுவும் இருந்தன. அதற்காக அவள்மீது இரக்கப்பட்டு வாசகர்கள் கண்ணைக் கசக்க வேண்டாம். காட்டுக்கு வந்த இரண்டு மாதத்தில் அவள் ஒரு சுற்றுப் பருத்து, வெகு சௌக்கியமாகவே இருந்தாள்.

அரண்மனையை விட்டு அவள் காட்டுக்கு வந்த காரணத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

செங்கானாற்றுக்கு அக்கரையில் இருந்தது வெண்குன்ற நாடு. அதன் மன்னர் நெடுங்கோ மூன்று நாடுகளை வென்றவர். அந்த ஆண்டு ஆற்றுத் திருவிழாவில், நீராடப் போகும்போது யாருடைய குடை முன்னால் போவது என்று ஒரு சச்சரவு எழுந்தது. அழிசியாரின் குடை இரண்டு முழம் முந்திவிட்டது. குடை பிடித்தவனுக்குக் கால் வழுக்கியதே காரணம் என்று எவ்வளவு சொல்லியும் நெடுங்கோ கேட்கவில்லை. ஆடி மாதத்தில் தம் வாளுக்கு வெட்சி மாலை சூட்டிவிட்டார்.

வெண்குன்றத்தாருக்குப் போர் என்றால் சும்மா புறப்பட்டுப் போய் வெட்டுவதல்ல. முதலில் பகைவர் நிரையை, அதாவது மாட்டு மந்தையை, கவர வேண்டும். வாளுக்குச் சூட்டிய அந்த ஒரே மாலையைப் படைத்தலைவன் எடுத்துப் போய்ப் பகைவரின் மாடு ஒன்றின் கொம்பில் கட்டினால்தான் போர் தொடங்கியதாகக் கணக்கு. ஐப்பசி வெள்ளம் வருமுன் அப்படிக் கட்ட முடியாவிட்டால் மாலையை ஓடும் நீரில் விட்டுவிட வேண்டும். பகையும் அதோடு போயிற்று. இந்த வழக்கத்தை மீறுகிறவனை அவர்கள் அரசன் என்று சொல்வதில்லை, திருடன் என்றுதான் சொல்வார்கள். இக்காலத்தில் நமக்குச் சிரிப்பு வரலாம். முன்னறிவிப்பே இல்லாமல் அடித்துக்கொள்ளும் நாம் சிரிக்கத் தகுந்தவர்கள்தானா என்பது வேறு விஷயம்.

கூர்மலை நாட்டில் வாள் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருநூறு பேர். வெண்குன்றத்துப் படை ஆறாயிரம். அழிசியார் மீசையை முறுக்கிக்கொண்டு வீர சுவர்க்கம் போகத் தயாரானபோது பூதிநங்கை, “மாடே இல்லாத நாட்டில் எந்தக் கொம்பில் மாலை கட்டுவார்கள், அப்பா?” என்று கேட்டாள். அவ்வளவுதான். ஆவணி பிறந்த மூன்றாம் நாள், நாட்டிலிருந்த மாடுகள் அத்தனையும், அவற்றைக் கறக்கவும் மேய்க்கவும் அறுபது குடும்பங்களும் அவளோடு காடேறிவிட்டன.

காடு அவர்களைப் புலியைக் காட்டிப் பயமுறுத்தியது. பிறகு சோறு போட்டது. மூங்கிலரிசி கிடைத்தது. கவலை என்ற காட்டுக் கிழங்கைச் சுட்டு நெய்யில் தோய்த்துத் தின்றார்கள். இலைக் குடில்களுக்குள் மழை ஒழுகினால், ஒழுகாத மூலைக்கு நகர்ந்துகொண்டார்கள். பகலில் புகை எழாமல் உலர்ந்த விறகிலேயே சமைத்தார்கள். வரப்புச் சண்டை போட வரப்பு இல்லாததால் சண்டையும் இல்லை. ஊரில் பத்தாண்டுகளாகப் பேசாதிருந்த இரு பங்காளிகள் ஒரே யானைக்குப் பயந்து ஒரே மரத்தில் ஏறியதிலிருந்து பேச ஆரம்பித்திருந்தார்கள்.

ஒரே ஒரு தொல்லை, மோர். எழுநூறு மாடுகளின் பாலையும் தயிரையும் முந்நூறு பேர் எப்படித்தான் தின்று தீர்ப்பது? வெண்ணெயை எடுத்து நெய்யாக்கலாம். மோரை என்ன செய்வது? மோரைத் தரையில் கொட்டினால் மாட்டின் மடி வற்றிவிடும் என்பது கூர்மலை ஆயர்களின் உறுதியான நம்பிக்கை. ஓடும் நீரில் விட்டால் குற்றமில்லை. ஆகவே கறவைக்குத் தலைவியான நக்கச்சி என்பவள் நாள்தோறும் குடம் குடமாக மோரை ஓடையில் ஊற்றினாள். ஓடை வெளுத்து ஓடியது. அது போய்ச் சேருமிடம் செங்கானாறு என்பதும், ஆற்றின் அக்கரையில் ஆறாயிரம் பேர் பாடிவீடு அமைத்து இறங்கியிருப்பதும் அவளுக்கு நினைவில்லை. மோரைப் பற்றி நினைக்கையில் ஆயர் மகள் வேறொன்றையும் நினைப்பதில்லை.

அவர்கள் காடேறிய பதினைந்தாம் நாள் அந்த வெள்ளை நீரைப் பிடித்துக்கொண்டே ஒரு தேனெடுப்பவன் வந்து சேர்ந்தான். பெயர் காடன் என்றான். தோளில் கயிறும் இடுப்பில் மூங்கிற் குழாயும் இருந்தன. மோர் வாசனை மூக்கைத் துளைத்ததாகவும், மூன்று நாளாகத் தேனைத் தவிர வேறு உண்ணவில்லை என்றும் சொல்லி, நின்ற நிலையிலேயே அரைக் குடம் மோரைக் குடித்துத் தீர்த்தான். பூதிநங்கை அன்றே மோர் ஊற்றுவதை நிறுத்தச் சொல்லிப் பாறைக் குழியில் தேக்கி வைக்கும்படி கட்டளையிட்டாள். காடனை மட்டும் திருப்பி அனுப்ப முடியவில்லை. போனால் இடத்தைச் சொல்லிவிடுவான். இருந்தால் கிழங்கு தோண்டுவான். இருக்கட்டும் என்று விட்டாள்.

அவன் கிழங்கு தோண்டியதோடு நிற்கவில்லை. எந்தக் காளான் தின்னலாம், எந்தப் பாறையில் மாடு நக்க உப்பு ஊறும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. முள்வேலியின் உயரம் புலிக்குப் போதாது என்று சொல்லி, தானே இரண்டு நாள் முள் வெட்டி உயர்த்தினான். அவன் நடையில் தேனெடுப்பவனுக்குச் சற்றும் பொருந்தாத நிமிர்வு ஒன்று இருந்தது. அது பூதிநங்கையின் கண்ணில் படத்தான் செய்தது. நல்ல ஆண்மகன் நிமிர்ந்து நடப்பதில் என்ன குற்றம் என்று அவள் மனம் அவனுக்காக வாதாடியது.

அவன் வந்து பத்து நாள் ஆனபோது, ஒரு குழந்தையின் இருமலுக்குத் தேன் வேண்டி அவன் குடிலுக்குப் போனாள். அவன் பட்டியில் பால் கறந்துகொண்டிருந்தான். கூரையில் தொங்கிய மூங்கிற் குழாயின் நார்க்கட்டை அவிழ்த்துக் கவிழ்த்தாள். தேன் வரவில்லை. உலர்ந்த வெட்சிப் பூக்களைச் செறிவாகத் தொடுத்த மாலை ஒன்று அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நாரின் முனையில் அரக்கு முத்திரை. அதில் நெடுங்கோவின் பனையும் வாளும். அவன் யார் என்பதை இதற்குமேல் யாரும் வந்து அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அவள் செய்யக்கூடியவை குறைவாகவே இருந்தன. மாலையை நெருப்பில் போடலாம். பகைவர் கையால் மாலை அழிந்தால் அந்த அவமானமே போருக்குப் போதும், நிரை கவரத் தேவையில்லை. ஆட்களிடம் சொல்லலாம், அவர்கள் அடுத்த நாழிகையே அவனைக் கொன்றுவிடுவார்கள், அதுவும் போர்தான். மாலையைத் திரும்ப உள்ளே போட்டு, முன்போலவே கட்டி மாட்டிவிட்டு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. அது நாட்டின் நன்மைக்காக மட்டும்தான் என்று தன்னிடமே சொல்லிக்கொண்டாள். பாதி உண்மை.

அன்றிலிருந்து அந்திதோறும், அவன் பால் கறக்கப் போகும் வேளையில், அவள் வெற்றுக் குடத்தோடு அவன் குடிலுக்குப் போவாள். குழாயை அவிழ்ப்பாள். மாலை இருக்கும். கட்டுவாள், திரும்புவாள். கைக்கு எட்டும் தூரத்தில் எழுநூறு மாடுகள் நிற்க, நாளுக்கு இருபது மாடு தன் கையாலேயே கறக்கிறவன் ஏன் இன்னும் கட்டவில்லை என்பது அவளுக்குப் புரியவில்லை. முப்பது நாள் இப்படிப் போயிற்று. பயந்துகொண்டே ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருக்க முடியும் என்பதை அவள் இந்த முப்பது நாளில்தான் கண்டுகொண்டாள்.

இன்றும் அதற்காகத்தான் போனாள். மேற்கு மலையில் மின்னல் வெட்டியது. இன்னும் நான்கைந்து நாள்தான், வெள்ளம் வந்துவிடும். குழாயை எடுத்தாள், அவிழ்த்தாள், கவிழ்த்தாள்.

குழாய் வெறுமையாக இருந்தது.

கவிழ்த்துத் தட்டினாள். விரலை விட்டுத் துழாவினாள். பிறகு குடத்தை அங்கேயே போட்டுவிட்டுப் பட்டியை நோக்கி ஓடினாள். எழுநூறு மாடுகளுக்கு ஆயிரத்து நானூறு கொம்புகள். நக்கச்சியின் மொட்டைப் பசுவைக் கழித்தால் இரண்டு குறையும். மங்கிய ஒளியில் வரிசை வரிசையாகப் புகுந்து, ஒவ்வொரு கொம்பையும் கையால் தடவிக்கொண்டே போனாள். மடியின் கீழ் உட்கார்ந்திருந்தவர்கள் தலைநிமிர்ந்து பார்த்தார்கள். பிராட்டிக்கு என்ன ஆயிற்று என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். காடன் கறக்க வேண்டிய இருபது மாடுகளும் கறக்கப்படாமல் நின்றன. அவனைக் காணோம்.

கடைசிக் கொம்பையும் தடவியாயிற்று. எங்கும் மாலை இல்லை. அந்தக் கடைசிப் பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் மூச்சு வாங்கி நின்றபோதுதான் நக்கச்சி கைகளைப் பிசைந்துகொண்டு வந்தாள்.

“பிராட்டி, உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு எனக்குத் தெரியும். என் செவலைக்கு மடி வீங்கிப் போச்சு. குழியிலே தேக்கி வச்ச பாவந்தான்னு மனசு அடிச்சுக்கிச்சு. நேத்து எட்டுக் குடம் ஓடையிலே விட்டுட்டேன்” என்றாள்.

பூதிநங்கை அவளைக் கோபித்துக்கொள்வதற்குக்கூட நேரம் கிடைக்கவில்லை. பள்ளத்தின் வாயிலில், ஓடை வெளியேறும் பாறை இடுக்கில், குளம்போசை கேட்டது.

முப்பது குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. முன்னால் வந்தவர் நரைத்த தாடியும் வெட்டுத் தழும்பும் கொண்ட முதிய வீரர். அவருடைய வேல் நுனியில், நீர் சொட்டச் சொட்ட, வெட்சி மாலை தொங்கியது. ஆயர்கள் கோலை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். பூதிநங்கை இரு கைகளையும் விரித்து அவர்களைத் தடுத்து நிறுத்தி, தான் மட்டும் முன்னே நடந்தாள்.

“வெண்குன்றத்துத் துணைத்தலைவன் கொற்றன் நான்” என்றார் முதியவர். “எங்கள் படைத்தலைவர் ஏனாதி இந்தக் காட்டுக்குள் வந்து நாற்பது நாள் ஆகிறது. வெள்ளை நீரைப் பின்பற்றி அவரைத் தேடி வந்தோம். வழியில் இது மிதந்து எதிரே வந்தது. அம்மணி, எங்கள் ஏனாதியை என்ன செய்தீர்கள்? இந்த மாலையை நீரில் எறிந்த கை எது?”

கேள்வி பொல்லாதது. அவளுடைய ஆட்கள் எறிந்திருந்தால் இன்றிரவே போர். பூதிநங்கைக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

“என் கை” என்றது ஒரு குரல்.

ஓடையின் கீழ்ப்பக்கத்து நாணற் புதரை விலக்கிக்கொண்டு காடன் வந்தான். முழங்கால் வரை நனைந்திருந்தான். முதியவர் குதிரையிலிருந்து சட்டென்று இறங்கித் தலைவணங்கினார். பின்னாலிருந்த இருபத்தொன்பது பேரும் இறங்கினார்கள். கிழங்கு தோண்டியவனுக்கு முப்பது வேல்கள் தாழ்ந்ததைப் பார்த்து நக்கச்சி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏனாதி குவாவனாகிய நான், மன்னர் என்னிடம் ஒப்புவித்த மாலையை என் கையாலேயே ஓடும் நீரில் விட்டேன். அது இடறாமல் போகிறதா என்று கரையோரமாகக் கூடவே நடந்தும் பார்த்தேன். வளைவு தாண்டியதும் திரும்பிவிட்டேன். அதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டீர், கொற்றரே.”

“வெள்ளத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே?”

“வெள்ளத்துக்குப் பின் வைத்திருக்கக் கூடாது என்பதுதான் வழக்கம். அதற்குமுன் விடக் கூடாது என்று யார் சொன்னது?”

கொற்றன் தாடியைத் தடவிக்கொண்டு பட்டியைப் பார்த்தார். எழுநூறு மாடுகள், காவலுக்கோ கோல் பிடித்த நாற்பது பேர். அரை நாழிகை வேலை. ஆனால் நீருக்குக் கொடுத்த மாலையை எடுத்து மறுபடி கட்டுகிறவன் வீரனல்லன், மாட்டுத் திருடன். முதியவர் அதை ஒருமுறைக்கு இருமுறை தமக்குள் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு அவர் சொன்னது வேறொன்று.

“என் மக்கள் இருவரும் முன்னணியில் நிற்கிறார்கள், ஏனாதி. இரண்டு மாதமாக நான் சரியாக உறங்கவில்லை.”

வேலைத் தாழ்த்தி மாலையை ஓடையில் விட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றி, கல்லில் தயங்கி, பிறகு போயிற்று. எல்லாருமாக நின்று அது கண்ணுக்கு மறையும் வரை பார்த்தார்கள்.

நிரை கவராமல் மாலையை நீரில் விட்ட தலைவன் ஏனாதிப் பட்டத்தையும் அதோடு விட வேண்டும் என்பதும் அந்நாட்டு வழக்கந்தான். குவாவன் அதைத் தானே நினைவூட்டினான். கூரையின் ஓலைக்குள் செருகி வைத்திருந்த குறுவாளை எடுத்து வந்து கொற்றனிடம் கொடுத்தான். மன்னர் கேட்டால், மாலையை ஆறு ஏற்றுக்கொண்டது என்று மட்டும் சொல்லும்படி கேட்டுக்கொண்டான். இதற்குள் நக்கச்சி யாரையும் கேட்காமலேயே முப்பது வீரர்களுக்கும் மோர் வார்க்கத் தொடங்கிவிட்டாள். குழியில் தேங்கியது தீர வழி பிறந்ததே என்ற மகிழ்ச்சி அவள் முகத்தில் பொங்கியது. வேண்டாம் என்றவனையும் அவள் விடவில்லை.

குளம்போசை தேய்ந்து மறைந்தபின், கறக்கப்படாமல் நின்ற இருபது மாடுகளின் நடுவே அவர்கள் இருவரும் நின்றார்கள். நேற்றுவரை ‘காடா, இங்கே வா’ என்று அதிகாரம் செய்தவளுக்கு இப்போது எப்படி அழைப்பது என்று தெரியவில்லை.

“ஏனாதியாரே” என்று தொடங்கினாள்.

“அந்தப் பட்டம் குதிரையேறிப் போய்விட்டது. காடன் என்றே அழையுங்கள். அந்தப் பெயரில் நான் நன்றாக இருந்தேன்.”

“நாற்பது நாள் மாடுகளின் நடுவில் இருந்தீர். ஏன் கட்டவில்லை?”

அவன் அருகே துள்ளிய கன்று ஒன்றைப் பிடித்து நிறுத்திக்கொண்டான். முதல் பத்து நாள் மாடுகளை எண்ணுவதிலும் வழிகளைக் குறித்துக்கொள்வதிலும் கழிந்ததாகவும், பதினோராம் நாள் கட்டிவிட்டுப் போய்விடுவதென்று முடிவு செய்து குழாயை எடுத்ததாகவும் சொன்னான்.

“தேனெடுப்பவர்கள் நாரை மேலே இழுத்துச் சுருக்குப் போடுவார்கள், பிராட்டி. நான் போட்டதும் அதுதான். அன்று பார்த்தால் குழாயின் வாயில் கன்று கட்டும் முடிச்சு இருந்தது. இரண்டு சுற்று, கீழே ஓர் இழுப்பு. மற்றவர்கள் ஒரு சுற்றோடு விட்டுவிடுவார்கள், இரண்டு சுற்றுப் போடுகிறவர் இந்தப் பட்டியில் ஒருவர்தான்.”

பூதிநங்கை தன் விரல்களைப் பார்த்தாள். ஆயிரம் கன்றுகளைக் கட்டிய விரல்கள். கட்டு என்றால் அவற்றுக்கு வேறொன்றும் தெரியாது. முன்போலவே கட்டினேன் என்று முப்பது நாளும் நம்பியிருந்தாள். காது வரை முகம் சிவந்துபோயிற்று.

“நான் அறிந்துவிட்டேன் என்று தெரிந்துமா இங்கேயே இருந்தீர்?”

“தெரிந்ததால்தான் இருந்தேன். முதல் நாள், இன்று என்னைக் கொல்ல வருவார்கள் என்று விழித்துக்கொண்டே கிடந்தேன். வரவில்லை. காலையில் நீங்கள் கிழங்கும் நெய்யும் கொண்டுவந்து வைத்து, இருபது மாட்டைக் கறக்கச் சொன்னீர்கள். நான் சுருக்குப் போடுவேன். அந்தி கழித்து வந்து பார்த்தால் உங்கள் முடிச்சு இருக்கும். ஒரு பகைவனை நம்பி, நாள் தவறாமல் மாலையை அவனிடமே கட்டி வைத்துவிட்டுப் போகிற ஊர் இது. இந்த மாட்டின் கொம்பில் எப்படிக் கட்டுவேன்?”

மலையில் இடி உருண்டது. முதல் துளிகள் மருத இலைகளில் விழுந்தன. பூதிநங்கைக்குக் கண் கலங்கியது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

“ஊர் அல்ல” என்றாள் மெல்ல. “மற்றவர்களுக்குத் தெரியாது. நான் மட்டும்தான்.”

அவன் அருகே யாரோ கறந்து வைத்திருந்த பாலில் வலக்கையை நனைத்து, ஆயர்கள் செய்வதுபோல நெஞ்சில் வைத்துக்கொண்டான். “இந்தப் பால்மீது ஆணை. என் உயிர் உள்ளவரை கூர்மலையின் நிரையில் ஒரு கன்றையும் எவரும் ஓட்டிச் செல்ல விடமாட்டேன்” என்றான்.

ஆணையிட்ட வேகத்தில் கன்றைப் பிடித்திருந்த மறுகையை அவன் மறந்துவிட்டான். கன்று கயிற்றை உதறிக்கொண்டு, வாலைத் தூக்கி, மழைக்குள் ஓடியே போயிற்று.

பூதிநங்கை சிரித்தாள். காட்டுக்கு வந்த நாள் முதல் அடக்கி வைத்திருந்த சிரிப்பு அது. பட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிரித்துக்கொண்டே பக்கத்து மாட்டின் கழுத்துக்குக் கை நீட்டி, மணியின் நாவில் சுற்றியிருந்த நாரை அவிழ்த்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு ஆனைமறி காட்டில் முதல் மணி ஒலித்தது.

“முதலில் கன்று கட்டக் கற்றுக்கொள்ளும், காடரே” என்று சொல்லி, நாரை அவன் கையில் கொடுத்தாள்.